உயர்தரப் பரீட்சையை இரண்டாந்தடவை எழுதப் போகிற பிள்ளைகளுக்கு

நேயர்களுக்கு வணக்கம். உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் திருகோணமலையில் கொஞ்ச நாளைக்கு ஒரே கேள்விதான். கடைக்குப் போனாலும் கேட்பார்கள், கோயிலுக்குப் போனாலும் கேட்பார்கள். “பிள்ளை என்ன மாதிரி, செகண்ட் ஷையா?” இரண்டாந்தடவை எழுதுவதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். மருத்துவபீடம் போகவேண்டும் என்று பயோ எடுத்து, கடைசியில் ஒரு பி, ஒரு சி, வெறும் சாதாரண சித்தியான ஒரு எஸ்ஸோடு வீட்டுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர்களின் தாய் தகப்பனும் பக்கத்தில் இருந்து கேட்டால் நல்லது. நான் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ஆறுதல். சில நாடுகளில் மருத்துவம் படிக்க முதலில் ஒரு பட்டம் முடிக்கவேண்டும். அந்தப் பட்டப்படிப்பில் ஒரு வருடம் சறுக்கினாலும் அந்தப் புள்ளி கடைசிவரை கூடவே வரும். நம்மிடம் அப்படி இல்லை. சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தீர்களா, பதினோராம் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று அரச மருத்துவபீடத் தெரிவில் யாரும் பார்ப்பதில்லை. நேர்முகப் பரீட்சையும் இல்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், இந்த மூன்றின் இசட் புள்ளிதான் தீர்மானிக்கும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்றலாம். போன தடவை எடுத்த எஸ் இந்தத் தடவைக் கணக்கில் வராது. ஆனால் போன தடவை எடுத்த பி-யும் வராது, அதையும் மறக்கவேண்டாம். ஒரு வருடத்து உயிரியலையும் இன்னொரு வருடத்து இரசாயனத்தையும் சேர்த்துக் காட்ட முடியாது. மூன்றும் ஒரே தடவையில் எடுத்ததாக இருக்கவேண்டும்.

இனி இசட் புள்ளி. பயப்படவேண்டாம், வானொலியில் சூத்திரம் எழுத முடியாது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி நாடு முழுக்க அந்தப் பாடம் எழுதியவர்களின் சராசரிக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்து, அதை அந்தப் பாடத்தின் நியம விலகலால், அதாவது எல்லாருடைய புள்ளியும் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறி இருக்கிறது என்கிற அளவால், பிரிக்கிறார்கள். பிறகு மூன்று பாடத்தையும் கூட்டி மூன்றால் பிரிக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே நிறை. சும்மா ஒரு கணக்குக்கு, எல்லாப் பாடத்திலும் நியம விலகல் 20 என்று வைப்போம். உயிரியலில் 75 எடுத்த பிள்ளை இரவு பகலாகப் படித்து 80 ஆக்கினால் மொத்த இசட் புள்ளி கூடுவது 0.08 அளவுதான். அதே பிள்ளை பௌதிகத்தில் 35 எடுத்ததை 55 ஆக்கினால் கூடுவது 0.33. வெட்டுப்புள்ளியை, அதாவது இடம் கிடைக்கிற ஆகக் குறைந்த இசட் புள்ளியை, நான்கு தசம தானத்துக்குப் போடுகிற நாட்டில் 0.33 என்பது பெரிய தூரம். 35-ஐ 55 ஆக்குவது 75-ஐ 80 ஆக்குவதைவிடப் பல பிள்ளைகளுக்கு லேசு என்பது என் அனுபவம்.

ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? தெரிந்த பாடத்தைத்தான் திரும்பப் படிக்கிறார்கள். அதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

மூதூரிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. முதல் தடவை பௌதிகத்தில் எஸ். கூட வந்த வாப்பா இருக்கமுன்னமே தொடங்கிவிட்டார். “சேர், புள்ளையக் கொழும்புல ஒரு பெரிய கிளாசுக்கு விடுவமா? காசு நான் பாத்துக்குவன்.” நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, பரீட்சையில் வந்த இரண்டாம் பத்திரத்தை ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னேன். எந்த வினாவை முழுதாகச் செய்தாய், எதைப் பாதியில் விட்டாய், எதைத் தொடவே இல்லை. எழுதி முடித்தபோது விஷயம் வெளியே வந்தது. கட்டுரை வினாக்கள் மோசமில்லை, கணக்குகள் வந்திருக்கின்றன. பகுதி ஏ-யில் வருகிற நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களில்தான் புள்ளி போயிருக்கிறது. அவை பெரும்பாலும் ஆய்வுகூடத்திலிருந்து வருகிறவை.

“சுரமானி தெரியுமா?” என்று கேட்டேன். பெட்டியின்மேல் கம்பி பூட்டி அதன் அதிர்வைப் படிக்கிற கருவி அது. “தெரியும் சேர்” என்று சூத்திரத்தைச் சொன்னது. “தொட்டிருக்கிறாயா?” பதில் இல்லை. செய்முறை நடந்த நாட்களில் பிள்ளை ரியூசனில் இருந்திருக்கிறது. வாப்பா பிள்ளையைப் பார்த்தார், பிள்ளை நிலத்தைப் பார்த்தது.

அடுத்த கிழமை ஆய்வுகூடத்தைத் திறப்பித்து சுரமானியை மேசையில் வைத்தோம். கம்பியின் நடுவில் சின்னக் கடதாசித் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றச் சொன்னேன். பாலங்களை முதலில் கிட்டக் கிட்ட வைத்து, மெதுவாக விலத்திக்கொண்டு போகவேண்டும். ஒரு இடத்தில் கம்பி கவையோடு சேர்ந்து பலமாக அதிர்ந்து, கடதாசி துள்ளி விழுந்தது. பரிவு என்பது இதுதான். பிள்ளை சிரித்துவிட்டது. நான் விடவில்லை. “ஏன் கடதாசியை நடுவில் போட்டோம்?” கொஞ்சம் யோசித்தது. கம்பி ஒரே வளைவாக அதிர்கிற அடிப்படைச் சுரத்தில் அங்கேதான் அதிர்வு ஆகக் கூட என்றது. “ஏன் பாலங்களைக் கிட்ட வைத்துத் தொடங்கினோம்?” இதற்கு நேரம் எடுத்தது. மூன்று நான்கு தடவை திரும்பச் செய்து பார்த்துவிட்டுச் சொன்னது, நீளத்தைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் அகப்படுகிற பரிவு அடிப்படைச் சுரமாகத்தான் இருக்கும், தூரத்திலிருந்து தொடங்கினால் எது அகப்பட்டது என்று தெரியாது என்று. இந்த மாதிரிக் கேள்விதான் அமைப்புக் கட்டுரையில் வரும். கம்பியைத் தொடாத பிள்ளைக்கு அது பாடமாக்கவேண்டிய வசனம். தொட்ட பிள்ளைக்கு அது கண்டது.

அப்புறம் மீற்றர் பாலம், அழுத்தமானி, பரிவுக் குழாய், வேணியர் இடுக்கி என்று ஒவ்வொன்றாகப் போனோம். கொழும்புக்குப் போகவில்லை. இரண்டாந்தரம் பௌதிகத்தில் பி வந்தது. மற்ற இரண்டும் பெரிதாக மாறவில்லை. அது போதுமாக இருந்தது, மட்டக்களப்பு மருத்துவபீடத்தில் இடம் கிடைத்தது.

ரியூசனுக்கு நான் எதிரி இல்லை. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் தடவை போன அதே வகுப்புக்கு, அதே வாங்கில், அதே குறிப்பைத் திரும்ப எழுதப் போகிற பிள்ளையை எனக்கு விளங்கவில்லை. பரீட்சைத் திணைக்களம் புள்ளியிடும் திட்டத்தை வெளியிடுகிறது. அதை வைத்துக்கொண்டு உங்கள் விடையை நீங்களே கறாராகத் திருத்துங்கள். ‘கிட்டத்தட்டச் சரி’ என்று உங்களுக்கே புள்ளி போடாதீர்கள், அங்கே இருக்கிறவர் போடமாட்டார். புள்ளி எங்கே போனது என்று முதலில் பாருங்கள். இரசாயனத்தில் பல்தேர்வு ஐம்பதில் கடைசி இருபதில் போனதா? அப்படியென்றால் கூற்று வினாக்களை அவசரத்தில் வாசித்திருக்கிறீர்கள். உயிரியலில் கட்டுரையில் போனதா? தெரிந்ததையெல்லாம் எழுதி, கேட்டதை விட்டிருப்பீர்கள். எங்கே போனது என்று தெரியாமல் அடுத்த வருடத்துக்கு அட்டவணை போடவேண்டாம். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தெரியும்.

மாவட்ட விஷயம் ஒன்று. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறு மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து இங்கே யாரும் மனம் உடையவேண்டியதில்லை. பாடசாலை மாற்றி அனுப்ப நினைக்கிற பெற்றோர், மாவட்டம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் முதலில் வாசியுங்கள்.

இனி, மூன்றாந்தரமும் எழுதுவதா, கிடைத்த பாடநெறிக்குப் போவதா என்பதைத்தான் விரிவாகப் பேச நினைத்து வந்தேன். தம்பி கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விரல் காட்டுகிறார். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது, மட்டக்களப்பில் தாதியியல் பட்டம் இருக்கிறது. இவற்றைத் தோற்றவர்களின் பாடநெறி என்று நினைக்காதீர்கள். ஒரு இடத்தில் பதிவுசெய்தால் அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்க என்ன கட்டுப்பாடு என்பதைப் பதிவுக்கு முன்னமே கேளுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்கள், முகவர் சொல்வதோடு நிற்காமல், உயர்தரத்தில் என்ன சித்தி வேண்டும், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்று இலங்கை மருத்துவப் பேரவையிடம் கேட்டபிறகு காசு கட்டுங்கள். திரும்பி வந்தபின் பேரவையின் பரீட்சை ஒன்றும் இருக்கிறது. விடைத்தாள் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கடைசித் திகதியைத் தவறவிடவேண்டாம்.

நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.