அடித்தால் மட்டும் போதாது

வணக்கம் நேயர்களே. கெண்டோ, அதாவது ஜப்பானிய வாள் கலை, என்றதும் பலருக்கும் சினிமாவில் பார்த்த சாமுராய்தான் ஞாபகத்துக்கு வருவார். ஒசாக்காவில் நான் பழகும் கூடத்துக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி. ஆபீஸ் முடிந்து பையும் கையுமாக ஓடி வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், எழுபது தாண்டிய பெரியவர்கள். கையில் ஷினாய். நாலு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துத் தோலால் கட்டியது, எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தலை, மணிக்கட்டு, விலா இவற்றில் அடிக்கலாம், தொண்டையில் குத்தலாம். அவ்வளவுதான்.

அடிக்கும்போது அந்த இடத்தின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். தலை என்றால் 'மென்'. இங்கேயே கத்திக் காட்டுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் தம்பியின் காதை நினைத்து விட்டுவிடுகிறேன். குரல், ஷினாய், வலது காலின் மிதி, மூன்றும் ஒன்றாக விழ வேண்டும். ஒன்று பிந்தினாலும் பட்ட அடி கணக்கில் வராது. அடித்த பிறகு கையை உயர்த்திக் குதித்தால், கொடுத்த புள்ளியையே நடுவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

கறுப்புப் பட்டை எதுவும் இதில் கிடையாது. யார் எத்தனையாவது டான், அதாவது எந்தத் தரம், என்று உடையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. முதல் டான் வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் இரண்டாவதற்குப் போகலாம். அதிலிருந்து மூன்றாவதற்கு இரண்டு வருடம், நான்காவதற்கு மூன்று வருடம். நான் இப்போது அந்த மூன்று வருடத்தில் இருக்கிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு பையன், ரொம்பச் சூட்டிகை. மூன்றாம் டான் தேர்வில் எதிராளியின் தலையில் பளீர் பளீரென்று அடித்தான். அந்த எதிராளி அடித்ததோ ஒரே ஒரு அடி. தேறியவர்களின் எண்களைப் பலகையில் ஒட்டினார்கள். எதிராளியின் எண் இருந்தது, இவன் எண் இல்லை. பையனுக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் ஆசிரியர் கேட்டார்: "அடிச்சே, சரி. அடிக்கிறதுக்கு முன்னாடி அவனை அசைச்சியா?"

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முனையை எதிராளியின் தொண்டைக்கு நேரே நிறுத்தி, அரை அடி முன்னால் நகர வேண்டும். அவர் மனசு கலங்கினால் அவருடைய ஷினாய் முனை ஒரு விரற்கடை விலகும். அந்த நேரத்தில் அடித்தால்தான் அது அடி. மற்றதெல்லாம் சும்மா பட்டது. அந்தப் பையனை ஆசிரியர் பல வாரம் அடிக்கவே விடவில்லை. நில், நகரு, மறுபடி நில். இடது குதிகால் தரையில் படக்கூடாது. அந்தப் பாதத்தின் முன்பக்கத் தோல் குளிர்காலத்தில் வெடித்துப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு நின்றான். அடுத்த தேர்வில் இரண்டே அடி, தேறிவிட்டான்.

எட்டாம் டான் என்றால் கதையே வேறு. ஏழாவது வாங்கிப் பத்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வயது 46 நிறைந்திருக்க வேண்டும். மே மாதம் கியோத்தோவில் நடக்கும் தேர்வுக்கு வயதானவர்கள் வருடா வருடம் போகிறார்கள். நூறு பேர் போனால் ஒருவர் தேறுவது அபூர்வம். எங்கள் கூடத்துப் பெரியவர் ஒருவரும் போகிறார், தோற்கிறார், மறு வாரமே பிள்ளைகளோடு வரிசையில் நின்று வாள் வீசுகிறார். ஏன் என்று கேட்டால் "வேற என்ன வேலை?" என்கிறார்.

கத்தாவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். அதற்குள் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கத்தா என்பது இருவர் மரவாளோடு செய்யும் பத்து முறைகள், 1912இல் வகுத்தவை. நான்காம் டானுக்குப் பத்தும் வர வேண்டும். எனக்கு எட்டாவது இன்னும் படியவில்லை. எழுத்துத் தேர்வும் உண்டு, அதற்கு நேரமில்லை. வணக்கம்.