நிறைகுடம் வாசித்த பன்னிரண்டு பார்

மரியாதைக்குரிய நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்த நூலகத்தைத் தன் வீடுபோலப் பார்த்துக்கொள்ளும் நூலகர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் புலவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து எனக்குப் பெருமை சேர்க்கும் நம் ஊர் நாகஸ்வர வித்வான் அண்ணன் அவர்களே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

தலைவர் அம்மாவுக்கு இன்று இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஆனாலும் அமெரிக்காவின் ஜாஸ் இசை பற்றிப் பேச்சு என்றதும் முழுக்க இருந்து கேட்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெரிய மனசுக்கு நன்றி. மேடையில் இருக்கும் இந்த ஒலிபெருக்கி நூலகர் ஐயாவின் வீட்டிலிருந்து வந்தது. மகனோடு ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்கும் நன்றி. போர்த்திய பொன்னாடையை, உங்கள் அனுமதியோடு, வித்வான் அண்ணனுக்கே போர்த்திவிட ஆசைப்படுகிறேன்.

சரி. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று மெட்டு, இரண்டு மூச்சு, மூன்று மௌனம்.

ஜாஸ் என்றால் கண்மண் தெரியாத வேகம் என்று பலர் நினைக்கிறோம். வேகம் அதில் உண்டு. 1940-களில் சாக்ஸபோனில் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வாசித்த வேகத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் அர்த்தம் இருந்தது. அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போது நம்மோடு கூடவே வருவது எது? நாலு சுரத்தில் ஒரு சின்னப் பிடி. வாயால் பாடிப் பார்க்க முடிகிற ஒன்று. நிறைகுடம் தளும்பாது என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். ஜாஸ் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பழமொழி எனக்குக் காதால் விளங்கியது.

நான் சொல்ல வந்த நிறைகுடத்தின் பெயர் லெஸ்டர் யங். 1909-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். டெனர் சாக்ஸபோன் என்னும் ஊதுவாத்தியம் வாசித்தார். அவர் காலத்தில் அந்த வாத்தியத்துக்கு ராஜா கோல்மன் ஹாக்கின்ஸ். கனத்த நாதம், ஒவ்வொரு ஸ்வரக்கூட்டையும் ஏறி இறங்கி அளந்துவிடும் வாசிப்பு. 1934-இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் ஹாக்கின்ஸ் விட்டுப்போன இடத்துக்கு லெஸ்டர் வந்தார். இப்படி வாசியுங்கள் என்று ஹெண்டர்சனின் மனைவி அவருக்கு ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். மற்றவர்களுக்கும் இவருடைய மெல்லிய நாதம் பிடிக்கவில்லை. லெஸ்டர் சில மாதத்தில் கிளம்பிவிட்டார். தன் நாதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1936-இல் சிகாகோவில் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் ஆட்களோடு முதல் பதிவுகளைச் செய்தபோது அதே மெல்லிய நாதம், அதே நீளமான, அவசரமில்லாத வாக்கியங்கள். இன்று அவற்றைக் கேட்டுப் பாடம் படிக்காத சாக்ஸபோன் மாணவர் குறைவு.

இப்போது ஒரு சம்பவம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிலையம். ஜாஸ் இசைக்கென்று ஒரு மணி நேர நேரடி ஒளிபரப்பு. நடுவில் ஓர் உயரமான ஸ்டூலில் பாடகி பில்லி ஹாலிடே உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் அந்தக் காலத்தின் பெரிய கைகள் எல்லாம்: ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ், ஜெரி மல்லிகன். கூட்டத்தில் லெஸ்டரும் இருக்கிறார்.

பில்லிக்கும் லெஸ்டருக்கும் இருபது வருடப் பழக்கம். 1937-லிருந்து சேர்ந்து பதிவு செய்தவர்கள். அவர் பாடி நிறுத்தும் இடத்தில் இவருடைய சாக்ஸபோன் பதில் சொல்லும். லெஸ்டருக்கு ‘ப்ரெஸ்’, அதாவது ‘பிரசிடெண்ட்’ என்பதன் சுருக்கம், என்று பெயர் வைத்தது பில்லி. பில்லியை ‘லேடி டே’ என்று கூப்பிட்டது லெஸ்டர். அப்புறம் காலம் இருவரையும் அடித்துப் போட்டது. லெஸ்டரை ராணுவத்தில் சேர்த்தார்கள், 1945-இல் ராணுவச் சிறையில் அடைத்தார்கள். குடி, நோய். பில்லிக்கும் சிறை, போதை, நோய். இருவருக்கும் நடுவே பேச்சும் குறைந்துபோனது. அப்படிப்பட்ட இருவர் அன்று ஒரே அறையில்.

பில்லி தானே எழுதிய ஒரு ப்ளூஸ் பாட்டைப் பாடுகிறார். ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு பார். நமக்கு ஆவர்த்தனம் போல அவர்களுக்கு பார், நாலு தட்டு ஒரு பார். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று, பன்னிரண்டு பார்தான். பென் வெப்ஸ்டர் முதலில் வாசித்து முடிக்கிறார். அடுத்தது லெஸ்டர். உடம்பு முடியவில்லை, உட்கார்ந்தே வாசிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

நின்று என்ன வாசித்தார்? ஒரு சின்ன வாக்கியம். மூச்சு. இன்னொரு வாக்கியம். மூச்சு. மேலே ஏறிக் காட்டவில்லை, விரல் ஓட்டவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. அவர் வாசிக்கும்போதே கேமரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. பில்லி அவரையே பார்க்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலை மெல்ல அசைகிறது. முகத்தில் ஒரு சிரிப்பு, அதற்குள் இருபது வருடமும் இருக்கிறது. நான் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் கண் கலங்கிவிடுகிறது. 1959 மார்ச் 15-இல் லெஸ்டர் போய்விட்டார். நாலு மாதத்தில், ஜூலை 17-இல், பில்லியும் போய்விட்டார்.

நிறைகுடம் தளும்பாது. பன்னிரண்டு பாரில் அந்த மனிதர் எதையும் நிரூபிக்கவில்லை. ஒரு தோழியிடம் பேசினார், அவ்வளவுதான்.

மூச்சு என்று சொன்னேன். சாக்ஸபோன்காரருக்கு மூச்சு தீரும், அதனால் வாக்கியம் தானாக முடியும். வித்வான் அண்ணனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பியானோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தும் கவுண்ட் பேஸி இரண்டு சுரம் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார், மீதியைக் குழு தாங்கிக்கொள்ளும். மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச் 2-ஆம் தேதி, லெஸ்டர் மறைவதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், நியூயார்க்கில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். முப்பத்திரண்டு பாருக்கும் சேர்த்து இரண்டே ஸ்வரவரிசை. ட்ரம்பெட்டில் அவர் வாசித்த மனோதர்மத்தை உலகம் முழுக்க மாணவர்கள் இன்றும் வாயால் பாடிப் பாடம் செய்கிறார்கள். அதே பதிவில் கூட வாசித்த ஜான் கோல்ட்ரேன் சுரங்களை மழையாகக் கொட்டியவர், அதுவும் அழகுதான். நம் சென்னைக்கும் 1958-இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு வந்திருக்கிறது. அதில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட் மெட்டைத் தவிர வேறு எதையும் நம்பாதவர்.

இந்த லெஸ்டர் எங்கே கற்றார் தெரியுமா? ஃப்ராங்கி டிரம்பவர் என்னும் சாக்ஸபோன் கலைஞரின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த நாதத்தைத் தன் வாத்தியத்தில் தேடித் தேடிக் கற்றார். கேட்டுக் கற்றார்! நம் பிள்ளைகள் எங்கே கேட்கிறார்கள்? என் பேத்தியை ஒரு கீபோர்டு போட்டிக்கு அழைத்துப் போனேன். ஒரு மெட்டை நிறுத்தி, அழகாக வாசித்தாள். வேகம் போதாது என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை அவள். விரலுக்குப் பயிற்சி கொடுக்க ஊரில் வகுப்புகள் இருக்கின்றன. காதுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் இடம்கூட இல்லை.

அதனால்தான் தலைவர் அம்மாவிடம் இந்த மேடையிலேயே விண்ணப்பம் வைக்கிறேன். இந்த நூலகத்தின் மாடியில் பழைய செய்தித்தாள் கட்டுகள் கிடக்கும் அறையைக் கேட்பு அறையாக்கித் தாருங்கள். ஒரு நல்ல ஒலிபெருக்கி, இருபது நாற்காலி, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம். நம் வித்வான்களின் பழைய பதிவுகளும் ஒலிக்கட்டும், லெஸ்டர் யங்கும் ஒலிக்கட்டும். பேச்சு கிடையாது, செல்பேசி கிடையாது, கேட்பது மட்டும். நிறைகுடம் தளும்பாது, ஆனால் குடத்தை முதலில் நிரப்ப வேண்டுமே அம்மா! என்னிடம் இருக்கும் இசைத்தட்டுகள் அத்தனையையும் அந்த அறைக்கே கொடுத்துவிடுகிறேன். கையெழுத்து வாங்க விண்ணப்பத் தாள் வாசலில் இருக்கிறது, போகும்போது தயவுசெய்து போட்டுவிட்டுப் போங்கள்.

மௌனம் பற்றிப் பேச நேரம் இல்லை, புலவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்தப் பன்னிரண்டு பாரை மட்டும் இப்போது போடப் போகிறோம். தம்பி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்து. கதவையும் சாத்திவிடு.