வெனிஸுக்கு இரண்டாம் முறை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஐரோப்பிய விடுமுறையில் மனசு நிறைவது புது ஊரிலா, ஏற்கெனவே பார்த்துப் பிடித்துப்போன ஊரிலா என்பது கேள்வி. பிடித்த ஊரில்தான் என்கிறது எங்கள் அணி. பத்து ஊரைத் தொட்டுப் பேசாமல், இத்தாலியின் கால்வாய் நகரமான வெனிஸ் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "பார்த்ததையே பார்க்க இவ்வளவு செலவா?" ஐயா, முதல் தடவை எதைப் பார்த்தோம்? கடலுக்கு இக்கரையில் மெஸ்த்ரேயில் அறை. காலை பத்து மணிக்கு ரயிலை விட்டு இறங்கி, கூட்டம் போகிற வழியே ரியால்டோ பாலம், சான் மார்க்கோ சதுக்கம், ஐந்து மணிக்குத் திரும்பும் ரயில். அன்று வந்த எல்லாரும் அதே சந்துகளில், அதே நேரத்தில்! வெனிஸ் மூச்சு விடுவது அவர்கள் போன பிறகு. இரண்டாம் முறை போகிறவர் அதற்காகவே கன்னரேஜோ, காஸ்தெல்லோ போன்ற வட்டாரங்களில், தீவுக்குள்ளேயே தங்குவார். வாடகை கூடத்தான். ஆனால் விடியற்காலை ஏழு மணிச் சதுக்கமும், இரவில் தண்ணீர் படியில் மோதும் சத்தமும் அந்த வாடகைக்குள் அடக்கம்.

அறை எடுக்கும்போது முகவரியை நம்பக் கூடாது. அங்கே கதவு எண் தெருவுக்கு அல்ல, வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசை. ஆறு வட்டாரங்கள், எண்கள் ஆயிரக்கணக்கில் ஓடும். "பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து எத்தனை பாலம்?" இந்த இரண்டையும் விடுதியில் முன்பே கேட்டுவிட வேண்டும். ஊரில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. 25 கிலோ சக்கரப் பெட்டியை நான்கு பாலம் தூக்கி இறக்கினால் முதல் நாள் முதுகு வலியோடு முடிந்துவிடும்.

பணத்துக்கு வருகிறேன். பழகாதவர் கையைச் சுட்டுக்கொள்வது, பேருந்துபோல ஊருக்குள் ஓடும் படகின் சீட்டில். 2025 கட்டணப்படி 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. மூன்று தடவை ஏறினாலே 28.50. எத்தனை முறை ஏறுவோம் என்று முன்கூட்டித் தெரிந்தவர்தானே சரியான சீட்டு வாங்க முடியும்? இன்னொன்று: பெரிய கால்வாய் 3.8 கிலோமீட்டர் நீளம், குறுக்கே நான்கே பாலம். எதிர்க்கரைக்குப் போக முதல் முறை வந்தவர் பாலம் தேடிச் சுற்றுவார். தெரிந்தவர் சான்டா சோஃபியா துறையில் இரண்டு யூரோ கொடுத்து, இருவர் துடுப்பு வலிக்கும் ட்ராகெட்டோ என்ற அக்கரைப் படகில் நின்றபடியே ரியால்டோ சந்தைப் பக்கம் இறங்குவார். அரை மணிக்கு 90 யூரோ கேட்கும் கொண்டோலா என்ற உல்லாசப் படகில் ஒருமுறை ஏறியாயிற்று, போதும் என்பேன்.

"விசாவுக்கு ஒவ்வொரு முறையும் அலையணுமே" என்றார் அடுத்தவர். 2024 ஏப்ரல் 18இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு விதியை மாற்றியது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை இரண்டு முறை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு ஆண்டுப் பல்நுழைவு விசாவாகக் கிடைக்கலாம். அதன்பின் பாஸ்போர்ட்டில் காலம் மிச்சமிருந்தால் வழக்கமாக ஐந்தாண்டு. "இனி எப்போ வரப்போறோம்" என்ற பதைப்புதான் ஏழு நாளில் ஐந்து நாடு என்று நம்மை விரட்டுகிறது. திரும்பி வருவோம் என்று தெரிந்தவனுக்கு அந்தப் பதைப்பு இல்லை.

அந்த நிதானத்தோடு சான் ரோக்கோ மண்டபத்துக்குள் நுழையுங்கள். ஓவியர் தின்தொரெத்தோ 1564இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் அதற்காகத் தீட்டினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். மாடியில் பெரிய படங்கள் கூரையில் இருப்பதால் கையில் ஏந்திப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் அண்ணாந்து பார்த்தவர் கழுத்து நோவோடு பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். கண்ணாடியோடு ஒரு மணி நேரம் நின்றால்தான் இருட்டுக்குள்ளிருந்து உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஒரு மணி நேரம்! ஒருநாள் பயணத்தில் அதற்கு எங்கே இடம்?

போன தடவைத் திட்டத்தையே மறுபடி நடத்தினால் சலிக்கும். அதை எதிரணிக்கு ஒப்புக்கொள்கிறேன். அதனால் பருவத்தை மாற்ற வேண்டும். நவம்பரில் போகலாம். வெள்ளம் வராதா? கடல் வாயில்களில் 78 மதகுகள், 2020 அக்டோபர் 3 முதல் பெரிய கடல் ஏற்றங்களைத் தடுத்து வருகின்றன. ஆனால் 110 செ.மீ.க்கு உட்பட்ட ஏற்றத்துக்குப் பொதுவாக அவற்றை எழுப்புவதில்லை; தாழ்வான சான் மார்க்கோவில் தண்ணீர் ஏறலாம். சில மணி நேரத்தில் வடிந்துவிடும், அதுவரை ஊரின் வேறு பக்கம் நடக்கலாம்.

அந்த நாளில் ஃபொண்டமெண்டே நோவே துறைக்குப் போய் 12ஆம் எண் படகில் ஏறுங்கள். முக்கால் மணியில் புரானோ தீவு. அதை அடுத்த தீவு தொர்செல்லோ. வெனிஸுக்கு முன்பே செழித்து, காயல் தூர்ந்து, மலேரியாவால் ஆள் குறைந்த தீவு. 639இல் நிறுவிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. உள்ளே போனதும் எல்லாரும் முன்னால் பார்ப்பார்கள். நின்று திரும்புங்கள்: மேற்குச் சுவர் முழுக்க மொசைக்கில் இறுதித் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு அங்கே இருக்கட்டும், நடுவர் அவர்களே. இந்த மன்றத்தின் தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.