மொட்டைத் தென்னையில் ஒரு கிளிக்குடும்பம்

வணக்கம் நண்பர்களே. காலை ஆறரை மணி. மொட்டைமாடியில் நின்று மெல்லப் பேசுகிறேன், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இடி விழுந்து தலை போன தென்னை தெரிகிறதா? உச்சியிலிருந்து இரண்டு முழம் கீழே ஒரு பொந்து. உள்ளே ஒரு பச்சைக்கிளி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாகத் தினமும் வந்து பார்க்கிறேன்.

அதன் ஜோடி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோகிறேன், கழுத்தைப் பாருங்கள். அலகுக்கு அடியில் கறுப்பாகத் தொடங்கும் கோடு பிடரியில் ரோஜா நிறமாகிவிடுகிறது. இந்த ஆரம் ஆண் கிளிக்குத்தான் உண்டு. அதுவும் இரண்டு மூன்று வயதான பிறகே வரும். அதனால் ஆரம் இல்லாததெல்லாம் பெண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், இளம் ஆணாகவும் இருக்கலாம்.

இப்போது காலில் ஒரு வேர்க்கடலையைப் பிடித்திருக்கிறது, பார்த்தீர்களா? கிளிக்கு இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். அதனால்தான் நாம் கையில் பிடிப்பதுபோல் அதனால் காலில் பிடிக்க முடிகிறது. தடித்த நாக்கால் கடலையை உருட்டுகிறது, ஓட்டின் இணைப்பைத் தேடுகிறது. டக்! உடைத்துவிட்டது. நமக்குக் கீழ்த்தாடை மட்டும்தான் அசையும். கிளிக்கு மேலலகும் தனியாக அசையும். மரம் ஏறும்போது அந்த அலகே மூன்றாவது காலாகிவிடும். நேற்று இந்தத் தென்னையில் அலகால் கவ்விக் கவ்வி ஏறியதைப் பத்து நிமிடம் வாய் பிளந்து பார்த்தேன்.

கீழே ஓர் இறகு கிடந்தது. நல்ல பச்சை, இல்லையா? ஆனால் இதில் பச்சைச் சாயமே கிடையாது. இருப்பது மஞ்சள் நிறமிதான். இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைக் காட்டுகிறது. மஞ்சளும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

எல்லோரும் கேட்பது பேச்சைப் பற்றித்தான். கிளிக்கு நம்மைப் போல் குரல்நாண் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் உறுப்பு ஒலியை எழுப்ப, நாக்கு அதை வடிவமைக்கிறது. கூட்டமாக வாழும் பறவை, தன் கூட்டத்தின் குரலைக் கேட்டுக் கற்கும். கூண்டில் தனியாக இருக்கும் கிளிக்கு நாம்தான் கூட்டம். பொருள் தெரியாமல் ஒப்பிப்பவரைக் ‘கிளிப்பிள்ளை’ என்கிறோமே, அது முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977 முதல் 2007 வரை பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காட்டிய பொருளின் நிறத்தையும் வடிவத்தையும் கேட்டால் சரியாகச் சொன்னது.

சின்ன வயதில் உறவினர் வீடு ஒன்றில் சிறகு வெட்டிய பச்சைக்கிளி ஒன்று இருந்தது. என் பெயரைச் சொல்லும். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கூண்டில் அதனால் ஒரு முறைகூடச் சிறகை முழுதாக விரிக்க முடிந்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கிடைப்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர்கள். அவையும் கிளி இனம்தான், ஆனால் இந்தத் தடை அவற்றுக்குப் பொருந்தாது. கிளிமேல் ஆசை இருந்தால் மாடியில் தண்ணீரும் ஒரு பிடி கம்பும் வையுங்கள். பட்ட மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், பொந்து இல்லாவிட்டால் இவை முட்டையிட இடமில்லை.

கொஞ்சம் பொறுங்கள், கம்பியில் இருந்தது பறந்துவிட்டது. பொந்துக்கு வந்துவிட்டது! பெண் தலையை நீட்டுகிறது. தின்றதைத் தொண்டைப்பையிலிருந்து மேலே கொண்டுவந்து ஊட்டப்போகிறது. அலகோடு அலகு. நான் பேசவில்லை, பாருங்கள்.