கை சொன்ன பேச்சு கேட்காதபோது

நேயர்களுக்கு வணக்கம். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த சிக்கல் என்றதும் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைதான் நம் கண்முன் வருவான். அவனுக்கே சட்டைப் பொத்தான் போட வரவில்லை, சாம்பார் சாதம் பாதி தட்டுக்கு வெளியே, நோட்டு முழுக்கக் கோழிக் கிறுக்கல் என்றால், அதையும் ‘கவனமில்லை’ என்ற கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடலசைவை ஒருங்கிணைப்பதிலும் சிரமம் உண்டு. டிசிடி என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஐந்து வயதுக்கு முன் டிசிடியைப் பொதுவாக உறுதி செய்ய மாட்டார்கள்.

வீட்டில் ஒரு பந்தைப் போட்டுப் பாருங்கள். வேறெங்கோ பார்த்துப் பிடிக்கத் தவறினால், சிக்கல் கவனத்தில் இருக்கலாம். கண்ணெடுக்காமல் பார்த்தும் கை தாமதமாகப் போனால், சிக்கல் அசைவில் இருக்கலாம். இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், ஒரு துப்பு, அவ்வளவுதான்.

எழுத்துக்கு வருவோம். பிள்ளை எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவுங்கள். எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறதா? எவ்வளவு அழுத்துகிறோம் என்ற தகவல் விரல்களிலிருந்து அவனுக்குச் சரியாகக் கிடைக்காமல் இருக்கலாம். அதனால் பென்சிலை இறுக்குகிறான், ஐந்து வரியில் கை வலிக்கிறது. ‘பத்து தடவை எழுது’ என்றால் களைத்த கை அதே தப்பான அசைவைத்தான் பழகும். அது தண்டனையே தவிர பயிற்சி இல்லை.

முதலில் நாற்காலியைப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் எழுதும் பிள்ளைக்குக் கால் தொங்கும். உடம்பைத் தாங்கவே பாதிச் சக்தி போய்விடும். காலடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள். மேசை முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தால் போதும். பென்சிலை நான்கைந்து சென்டிமீட்டர் துண்டாக வெட்டிக் கொடுங்கள். முழு முஷ்டியால் பிடிக்க இடமிருக்காது, மூன்று விரல் தானாக வரும். தாளுக்கடியில் அட்டைப்பெட்டியின் நெளி அட்டையை வையுங்கள். அழுத்தினால் தாள் பொத்துக்கொள்ளும், நாம் கத்தத் தேவையில்லை.

விரலுக்குப் பல்லாங்குழி நல்லது. புளியங்கொட்டையை ஒரே கையால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்க்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நகர்த்திக் குழியில் விட வேண்டும். மற்றக் கை உதவிக்கு வரக்கூடாது. இரண்டு கொட்டையில் தொடங்கி ஐந்துக்குப் போங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

பொத்தானைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுங்கள். ஓட்டையில் பாதி நுழைத்துவிட்டு, இழுத்து முடிப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது படிந்த பிறகு அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விடுங்கள்.

கவனத்துக்கான மருந்தால் சிலருக்கு எழுத்தும் சீராகும். ஆனால் பழகாத அசைவை மருந்து பழக்காது. அதற்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் நிபுணர் வேண்டும். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் விசாரிக்கலாம். போகும்போது பள்ளி நோட்டு ஒன்றும், பிள்ளை பொத்தான் போடும் வீடியோ ஒன்றும் கொண்டுபோங்கள். வேன் வந்து ஹாரன் அடிக்கும் காலை நேரத்தில் எடுத்ததாக இருக்கட்டும். மருத்துவமனையின் அமைதியான அறையில் அதே பொத்தானைச் சில பிள்ளைகள் சரியாகவே போட்டுவிடுவார்கள்.