தெருநாய் யார் கைக்கு வரும்?

வணக்கம். தெருநாய் என்று தலைப்பு வைத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்தப் பக்கம் நாய்க்குச் சாப்பாடு வைக்கிறவர்கள். அந்தப் பக்கம் கடிபட்டவர்கள், கடிபட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள். இன்று நான் பேசுவதில் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கசப்பு இருக்கிறது.

பெரிய நகரத்துத் தெருநாய்க்குச் சொந்தக்காரர் கிடையாது. ஆனால் அதற்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். இரவுக் காவலாளிக்கு அது துணைக்காவலாளி. அதே தெருவில் இரவுப்பணி முடித்து இருசக்கர வண்டியில் திரும்புகிறவருக்கு அதுவே எமன். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். 'மனிதன், நாய்' என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. எந்த ஆள், எந்த நாய், எந்தத் தெரு என்று கேட்டால்தான் பேச்சு நகரும்.

கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களையே கவனித்து வருகிறது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு சுவையானது. அறிமுகமில்லாத ஆள் ஒருவர் சில நாய்களுக்குச் சாப்பாட்டைக் கூட்டிக் கொடுத்தார். சில நாய்களைத் தடவிக்கொடுத்தார். நாளடைவில் அந்த ஆளிடம் அதிகம் ஒட்டிக்கொண்டவை தடவிக்கொடுக்கப்பட்ட நாய்கள்தான். 'வாலாட்டுவதெல்லாம் வயிற்றுக்குத்தான்' என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே குழுவின் இன்னொரு கணக்கு அவ்வளவு இனிப்பில்லை. அவர்கள் கவனித்த 364 குட்டிகளில் இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு மனிதர்களே நேராகவோ மறைமுகமாகவோ காரணம். ஆக, ஒரு தெருநாய் வளர்ந்து நிற்கிறது என்றால், நம்மில் யாரை நம்பலாம், யாரைக் கண்டால் ஓட வேண்டும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது.

சரி, கடிக்கு வருகிறேன். வெறிநாய்க்கடியால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் மதிப்பீடு. மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய் மூலம் வருகிறது. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நாய்ப் பிரியர்கள் சிலர் கடிபட்ட குழந்தையைப் பார்த்து, 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே தடுப்பூசிக்குக் கூட்டிப் போங்கள். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

'அப்படியானால் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டியதுதானே?' 1910-இல் இஸ்தான்புல் அதைச் செய்து பார்த்தது. பல்லாயிரம் நாய்களைப் பிடித்து, மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாதா என்ற பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தண்ணீரும் இல்லை, இரையும் இல்லை. ஒன்றையொன்று தின்று செத்தன. காற்று வீசும்போது ஊளைச் சத்தம் நகரத்துக்குக் கேட்டதாகச் சொல்கிறார்கள். பின்னால் போர் வந்தபோது 'அந்தப் பாவம்தான்' என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பாவக் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும். அந்த நகரத்தில் நாய்கள் ஒழிந்தனவா? இல்லை. 2004-இல் துருக்கி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று சட்டம் போட்டது. 2024-இல் அதை மாற்றி, மறுபடியும் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வட்டம். குப்பை கிடக்கும் தெருவில் ஒரு நாயை எடுத்தால், அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். எடுத்தது ஊசி போட்டதாக இருக்கலாம், வருவது போடாததாக இருக்கலாம்.

நாய்களில் எழுபது சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் வெறிநோய்ப் பரவல் அறுந்துவிடும். மெக்சிகோ ஆண்டுக்கணக்காக நாய்களுக்கு மொத்தமாக ஊசி போட்டது. நாய் மூலம் மனிதருக்கு வரும் வெறிநோயை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை முதலில் வாங்கியதும் அதுதான்.

எழுபது சதவீதம் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. நாயைப் பிடிப்பது யார்? வலையோடு வண்டி வரும். இரண்டு முறை வந்துவிட்டால் வண்டிச் சத்தத்தையே நாய்கள் தெரிந்துவைத்துக்கொள்ளும். சாதுவான நாய் அகப்படும். எவரையும் நம்பாத நாய் ஓடிப்போகும். நமக்கு முக்கியமாக ஊசி போட வேண்டியதோ அந்த ஓடிப்போகிற நாய்க்குத்தான்.

அது ஓடாமல் நிற்பது ஒரே ஒருவரிடம். தினமும் சாப்பாடு வைக்கிறாரே, அவரிடம். நகர நிர்வாகம் அவரைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறது, அக்கம்பக்கத்தார் பைத்தியக்காரர் என்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தெருவின் பொதுச் சுகாதார ஊழியர் அவர்தான். சம்பளம் இல்லை, அவ்வளவே.

ஊழியர் என்று சொல்லிவிட்டால் வேலையையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வாசலில் சாப்பாடு வைக்கக் கூடாது. வைத்த இடத்தைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும். ஊசி போட வரும் நாளில் தன் நாய்களைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும். கருத்தடைக்கும் அப்படியே. 'நான் வளர்க்கவில்லை, சாப்பாடு மட்டும்தான் வைக்கிறேன்' என்று ஆள் கடிபட்ட அன்று நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் மற்றவர்களுக்கும் கெட்ட பெயர்.

இன்னொன்றும் உண்டு. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அதுவரை நோயில்லாமல் இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது. கடிபட்டவர் அதற்காக ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது. அதை உடனே தொடங்கிவிட வேண்டும். ஆனால் மிச்ச ஊசிகளைப் பற்றி முடிவெடுக்க மருத்துவருக்கு இந்தத் தகவல் உதவும். எட்டு நாயும் ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கிற தெருவில் கடித்தது எது என்று அடையாளம் காட்ட, சாப்பாடு வைக்கிறவரைத் தவிர ஆள் கிடையாது. நேற்றுவரை அவரோடு தெருச்சண்டை போட்டிருந்தால், இன்று அவர் வாயைத் திறக்கமாட்டார்.