720-க்கு 19 குறைவு

வணக்கம் நேயர்களே. படிக்காமல் போய்த் தேர்வில் தவறினால் மனசு எப்படியோ ஆறிவிடும், ராத்திரி பகலாகப் படித்துவிட்டுத் தவறினால் ஆறவே ஆறாது. எனக்கு அது இரண்டு முறை நடந்தது.

அமேசானின் கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்குத் தரும் கணினி வசதிகள், பற்றிய சான்றிதழ்களில் 'சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்' என்று ஒன்று உண்டு. 65 கேள்விகள், 130 நிமிடம், 1000-க்கு 720 வேண்டும். கட்டணம் 150 டாலர், நம் மொரீஷியஸ் பணத்தில் ஏறக்குறைய 7,000 ரூபாய், தவறினால் மறுபடியும் முழுசாகக் கட்ட வேண்டும். முதல் முறை 668. 14 நாள் கழித்து எழுதலாம் என்றார்கள், நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன், ரோஸ்ஹில்லிலிருந்து எபேனுக்கு மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் வீடியோ, ராத்திரி மாதிரித் தேர்வு. அதில் 90 சதவீதம் வந்தது. உண்மைத் தேர்வில் 701.

அன்று அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தேன். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. "எங்கே தப்பு விட்டே தம்பி, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றார். மாதிரித் தேர்வில் தப்பாகப் போட்ட ஒரு கேள்வியைக் கிரியோலில் சொன்னேன்: பழைய கணக்குக் கோப்புகள், யாராவது கேட்டால் 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் கொடுத்தால் போதும், மிகக் குறைந்த செலவில் எங்கே வைப்பது? அமேசானின் கிளேசியர் என்ற பழைய கோப்புச் சேமிப்பிடத்தில், உடனே எடுக்க முடிகிற வகையைத்தான் நான் தேர்ந்தெடுத்திருந்தேன். அக்கா யோசிக்கவே இல்லை. "காவடிச் சட்டத்தை வருஷத்துக்கு ஒரு தடவைதானே இறக்குறோம், அதைக் கூடத்திலயா வைக்கிறோம்?" சரியான விடை, கிளேசியரிலேயே டீப் ஆர்க்கைவ் என்ற வகை. எடுக்க நேரமாகும், ஆனால் எல்லாவற்றிலும் மலிவு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த 90 சதவீதம், அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால் கண்ணுக்குப் பழகிப்போன விடைகள். உண்மைத் தேர்வில் இரண்டு மூன்று விடைகள் வேலை செய்யும், கேள்வியின் கடைசி வரியில் இருக்கும் 'குறைந்த செலவில்', 'குறைந்த பராமரிப்பில்' என்ற ஒரு சொல்தான் எது என்று முடிவு செய்யும். அதனால் கடைசி வரியை முதலில் படிக்கப் பழகினேன். வீடியோவை நிறுத்திவிட்டு, ஆறு வாரம் தினமும் சாயங்காலம் அமேசான் கிளவுட் சேவை ஒன்றை அக்காவுக்கு விளக்கினேன், எங்கே நாக்கு தடுமாறியதோ அதை மட்டும் திரும்பப் படித்தேன். சில நாள் பத்து நிமிடம்கூடப் பேச முடியவில்லை, அவ்வளவு படித்தும்.

இன்னொன்று, இதை எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பிரெஞ்சும் தமிழும் ஆங்கிலமும் படித்தவர்கள் நாம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் கூடுதலாக 30 நிமிடம் கேட்டு வாங்கலாம். முதல் இரண்டு முறையும் கடைசிப் பன்னிரண்டு கேள்விகளை அரைகுறையாகத்தான் படித்தேன். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது, 65-ல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, ஆனால் எவை அந்த 15 என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே புரியாத கேள்வி ஒன்று வந்தால் அதிலேயே நின்று கலங்காமல், ஒரு விடையைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாவது முறை 768. உங்களில் யாராவது இப்போது அறுநூற்றுச் சொச்சத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால், அடுத்த தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே அந்த 30 நிமிடத்தைக் கேட்டுவிடுங்கள், பதிவு செய்த பிறகு கேட்டால் அந்தத் தேர்வுக்குக் கிடைக்காது.